வீட்டுக்குத்தானே

என் அக்கா கணவரை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் 'பஞ்சு'. நீராவிக் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றுவது வேலை. அங்கே ஐயா பெரிய சுத்தக்காரர். நனைந்த பஞ்சை எவனாவது எடுத்துவந்தால் அவனைக் கிழிகிழியென்று கிழித்துவிடுவார். "சூட்டைத் தடுக்கிறது பஞ்சு இல்லப்பா, அதுக்குள்ள அசையாம அடைபட்டுக் கிடக்கிற காத்து. நனைஞ்சா அந்த இடத்துல தண்ணி உக்காந்துக்கும், சூடு ஜோரா கடந்து வந்துடும்" என்று என் காது புளிக்கச் சொல்லியிருக்கிறார்.

அக்காவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. வியர்வையில் ஊறினால் தையல் சீழ் பிடிக்கும் என்று டாக்டர் எச்சரித்தார். வீட்டுக் கூரையோ தகரம். "நான் எதுக்கு இருக்கேன்? கூரைக்கு அடியில பஞ்சு போட்டுடறேன்" என்று மாமா மார்தட்டினார். நானும் நம்பித் தொலைத்தேன்.

அடுத்த வாரம் போனால் வாசலிலேயே நாற்றம். எலி மூத்திரமும் ஊறிப்போன சாக்கும் கலந்த நாற்றம். அறை அடுப்பாகக் கொதித்தது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"மேலேருந்து தூள் கொட்டுதுடா. உடம்பெல்லாம் ஒரே அரிப்பு" என்றாள்.

கூரைக்கு அடியில் அடித்திருந்த பலகை ஒன்றை நெம்பினேன். தொழிற்சாலையில் கழற்றி எறிந்த பழைய பஞ்சு, கறுத்து, சொதசொதவென்று, காற்றுக்கு இடமே இல்லாமல் திணித்துக் கிடந்தது. பழுப்பு நீர் என் முழங்கை வரை வழிந்தது. பலகையைத் தகரத்தோடு இறுக்கிய இரும்புத் திருகாணியைத் தொட்டேன், விரல் சுட்டது. வெயில் சூடு உள்ளே இறங்க அதுவும் ஒரு குறுக்குவழி.

"என்ன மாமா இது? அங்க இதைத் தொட விடுவீங்களா?"

அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "அட போப்பா, வீட்டுக்குத்தானே!"

பஞ்சைவிட அந்தப் பல்குச்சிதான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

அக்கா காயத்தின் கட்டைப் பிரித்தபோது தையலில் சீழ் கோத்திருந்தது. அன்றே அக்காவை டாக்டரிடம் காட்டி, என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

காயம் ஆறியதும் மாமா சலவைச் சட்டையோடு வந்து நின்றார். "எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டேன். எப்ப வர்றே?" என்று கேட்டார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வீட்டுக்குத்தானே" என்றாள். "என்ன அவசரம்?"