பவுனம்மாளின் முதல் கெமிஸ்ட்ரி பரீட்சை

செவ்வாய்க்கிழமை காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது நன்னிலத்திலிருந்து போன் வந்தது. பவுனம்மாளின் மகள் செல்வி. "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்த செய்தி வலிக்காது என்று யார் சொன்னது? அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பவுனம்மாளை அறிந்தவர்களுக்கு அவர் 'கெமிஸ்ட்ரி டீச்சர்'. நன்னிலம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் நெடுங்காலம் வேதியியல் நடத்தியவர். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கூலி விவசாயிகள் வாழும் ஒரு தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவர். தஞ்சாவூரில் பி.யூ.சி. படித்தபோது நானும் அவரும் ஒரே விடுதி அறை. இந்தக் கட்டுரையில் மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுதப் போகிறேன். நேரில் அப்படிப் பேசியிருந்தால், "என்னடி எஸ்தரு, காய்ச்சலா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

அறுபத்தேழில் ஆட்சி மாறியிருந்த புதுசு. தஞ்சாவூரில் எந்த மேடையைப் பார்த்தாலும் தமிழ் முழங்கியது. எங்கள் கெமிஸ்ட்ரி வகுப்பில் மட்டும் ஆங்கிலத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழாது. பள்ளியில் ஹைட்ரஜனை நீரகம், ஆக்சிஜனை உயிரகம் என்று படித்துவிட்டு வந்தவர்களை அங்கே உட்கார வைத்தால் என்ன ஆகும்? சீர்காழிப் பக்கத்து மிஷன் பள்ளி வாத்தியார் மகளான எனக்கே விழி பிதுங்கியது. இதில் வார்டன் வேறு, காலாண்டில் வரும் முதல் பரீட்சையை எழுதாதவர்களுக்கு விடுதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். விடுதி போனால் எனக்கு அத்தை வீடு இருந்தது. பவுனம்மாளுக்குப் படிப்பே போய்விடும்.

ஒருநாள் வகுப்பில் 'மோல்' என்ற பாடம். மூலக்கூறுகளை எண்ணிக் கணக்கிட அது ஓர் அளவு. எங்கள் ஆசிரியை, பாவம், சுலபமாகப் புரியட்டுமே என்று, "நம்ம ஊர்ல நெல் அளக்குற மரக்கால் மாதிரி ஒரு அளவுன்னு வச்சுக்குங்க" என்று தமிழில் சொன்னார். பவுனம்மாள் எழுந்து நின்று, "எந்த மரக்கால் மிஸ்? அளந்து வாங்குறதா, அளந்து குடுக்குறதா?" என்று கேட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை, உட்காரச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் விடுதியின் துவைகல்லில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். அவர் ஊர் மிராசுதாரின் களத்தில் இரண்டு மரக்கால்கள் உண்டாம். குத்தகை நெல்லை வாங்க ஒன்று, கூலி நெல்லைக் கொடுக்க ஒன்று. கூலி மரக்காலில் நெல் குறைவாகப் பிடிக்கட்டும் என்று உள்ளே அடியில் ஒரு பலகையை வைத்து அடித்திருப்பார்களாம். "வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்டி. உள்ள கைய விட்டாத்தான் தெரியும். யாரு கைய விடுறது?" என்றார்.

"மோல்ல அந்த வேலையெல்லாம் நடக்காதுடி. அது எண்ணிக்கை. எந்த ஊருக்குப் போனாலும் அதே எண்ணிக்கைதான்" என்றேன்.

"லண்டன்லயும்?"

"லண்டன்லயும்."

"எங்க ஊர் மிராசுதார் வீட்டுலயும்?"

"அங்கயும்தான். அவரால ஒண்ணக்கூடக் குறைக்க முடியாது."

"அப்ப இந்தப் பாடத்தை நான் விடமாட்டேன்" என்றார். அதற்கப்புறம் அவர் படித்த படிப்பு இருக்கிறதே, பக்கத்தில் இருந்த எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிடும்போதுகூட இடது கை விரலை மடக்கி மடக்கி அணு எடைகளை ஒப்பித்துக்கொண்டிருப்பார். புரியாத ஆங்கில வாக்கியத்தை என்னிடம் கேட்பார். எனக்குப் புரியாத கணக்கை அவர் போட்டுக் காட்டுவார்.

பரீட்சை நெருங்கும் நேரத்தில் குறுவை அறுப்பு வந்தது. நியாயமான மரக்காலில் கூலி அளந்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று அவர் ஊரில் வேலை நிறுத்தம் செய்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்தில் அடிதடி. பவுனம்மாளின் அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அம்மாவுக்குத் தலையில் அடி, திருவாரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். செய்தி வந்ததும் பவுனம்மாள் ஓடினார். பரீட்சைக்கு வருவாரா என்ற கவலையில் எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

வந்தார். கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், புடவைக் கரையெல்லாம் சேறாக ஓடி வந்தார். வழியில் பஸ்ஸை மறித்திருந்தார்களாம். அம்மாதான் பிடிவாதமாக அனுப்பியிருக்கிறார். "பரீட்சைய எழுதிட்டு வா. நான் எங்க ஓடிறப் போறேன்?" என்றாராம். பவுனம்மாள் ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. எல்லாக் கேள்விகளையும் எழுதினார். மணி அடித்தபிறகுதான் பேனாவை மூடினார்.

அங்கிருந்து நேராகத் திருவாரூருக்கு நானும் கூடப் போனேன். அவர் அம்மாவின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். நாங்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மாள் இறந்து போயிருந்தார். உடலைச் சவக்கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "பொண்ணு எங்க, பொண்ணு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார் நர்ஸ். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அந்த நர்ஸ்மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

அந்தப் பரீட்சையில் வகுப்பிலேயே அவர்தான் முதல். விடுதியில் இடம் நிலைத்தது, படிப்பு நிலைத்தது, வேலையும் கிடைத்தது. அவர் ஓய்வுபெற்ற நாளில் தலைமையாசிரியர் மேடையில் இந்தக் கதையைச் சொல்லி, இதுவல்லவா மன உறுதி என்று மாணவிகளைக் கைதட்ட வைத்தார். பவுனம்மாள் எழுந்து மைக்கை வாங்கினார். "பிள்ளைங்களுக்கு இந்தக் கதையச் சொல்லாதீங்க சார். நான் அன்னிக்குப் பரீட்சைக்குப் போயிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரிடம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு மாணவியின் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று தெரிந்தால், பரீட்சை நாளானாலும் அந்தப் பெண்ணைத் தானே பஸ் ஏற்றிவிடுவார். மேலிடத்தில் கேட்டால், "பரீட்சை திரும்ப வரும்" என்பார்.

நான் ஒருமுறை சண்டைக்கே போனேன். "அன்னிக்கு நீ எழுதலன்னா இன்னிக்கு என்னவா இருந்திருப்ப?" என்று கேட்டேன். "கூலிக்குப் போயிருப்பேன். எங்கம்மா என் மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருக்கும்" என்றார்.

அவர் போவதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மணி அடிச்சிட்டாங்களாடி?" என்று கேட்டார். செல்வி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னாள். அவர் கேட்டது அந்தப் பரீட்சை மணியை.

"இன்னும் அடிக்கல பவுனு" என்றேன்.

"கடைசிக் கேள்வி பாக்கி இருக்குடி. அங்க அம்மா காத்துக்கிட்டு இருக்கும்."

"எழுதின வரைக்கும் போதும். பேப்பரக் குடுத்துட்டு எழுந்திரு."

"வார்டன் திட்டுவாங்களே?"

"வார்டன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ அம்மாகிட்ட போ."