மணிக்கட்டில் இரண்டு விரல்கள்

இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "நைட் ட்யூட்டியா?" என்றுதான். இல்லை. பட்டப்பகல். நான் தூங்கவில்லை, மாத்திரை எதுவும் போட்டிருக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்தது இது.

1996 ஜனவரி. நியூஜெர்சியில் அந்தப் பனிப்புயலைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எடிசன் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் நான் அப்போது எல்.பி.என்., ஒரு வகை நர்ஸ். ஒரு வருடப் படிப்பு, அப்புறம் லைசென்ஸ் பரீட்சை. பாஸ் செய்தால் மருந்து கொடுக்கலாம், பிரஷர் பார்க்கலாம், புண்ணுக்குக் கட்டுப் போடலாம். கோபியில் பி.காம். முடித்துவிட்டு அமெரிக்கா வந்த எனக்கு இந்த வழியைக் காட்டியவர் பக்கத்து அபார்ட்மென்ட் ராஜராணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். அதே நர்சிங் ஹோமில் ரொம்ப வருடமாக நர்ஸ். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தினமும் வகுப்பு வாசலில் இறக்கிவிட்டுப் போனவர் என் கணவர் கதிர்.

ஆகஸ்டில் லைசென்ஸ் வந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு லாரி, கதிரின் காரை நசுக்கிவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பசித்தது தெரியாது. குழாயில் கொதிக்கிற தண்ணீர் கையில் விழுந்தால்கூட, தோல் சிவந்ததைப் பார்த்துத்தான் கையை எடுப்பேன். ஏதோ ஒரு மெஷின் என் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு நடந்தது மாதிரி இருந்தது.

புயல் ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனவர்களால் திங்கட்கிழமையும் வெளியே வர முடியவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு யாரும் வரவில்லை. மாடியில் ராஜராணி அக்கா, கீழே நான். நர்ஸ் என்று மொத்தமே நாங்கள் இரண்டு பேர்தான். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

திங்கள் மதியம் அக்கா இன்டர்காமில் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஏதும் சாப்பிட்டனியே?"

"சாப்பிட்டனுங்க்கா."

பொய். அவருக்கும் தெரியும்.

இரண்டரை மணிக்கு ஒவ்வொரு அறையாகப் போனேன். முதல் அறையில் ஹீலி, முன்னாள் போஸ்ட்மேன், எண்பது வயது. நாடி பார்க்கக் கையை நீட்டினேன்.

"மறுபடியுமா? இப்பத்தானே இன்னொரு நர்ஸ் வந்து பார்த்துட்டுப் போனா," என்றார். "அவ கை ஐஸ் மாதிரி இருந்துச்சு."

வயதானவர், ஏதோ குழப்பம் என்று நினைத்துக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்தேன். கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனால் நாடி பார்க்கிற அந்த இடத்தில் மட்டும்... இரண்டு விரல் அகலத்துக்கு... சில்லென்று இருந்தது.

எழுதிக்கொண்டேன். நகர்ந்தேன்.

நான்கு அறை தள்ளி நோவாக் பாட்டி. புத்தி தெளிவானவர். குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க புது நர்ஸ் வாட்ச்சே பார்க்கலை," என்றார். "வாட்ச் பார்க்காம எப்படி எண்ணுவா?"

"எப்படி இருந்தாங்க அவங்க?"

பாட்டி யோசித்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"முகத்தைப் பார்த்தேனே... ஞாபகம் வரலையே."

அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். அதே இடம். அதே இரண்டு விரல் அகலம். அதே குளிர்.

இன்டர்காமை எடுத்தேன்.

"அக்கா, கீழ வந்தீங்களா?"

"நான் எங்கையம்மா வாறது? இஞ்ச எனக்கு மூச்சு விட நேரமில்லை. ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

அப்போது கரன்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது. காரிடாரில் ஒன்றுவிட்டு ஒன்று விளக்குகள் எரிந்தன. நர்ஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து இடது கையை மேஜைமேல் நீட்டி, அதன்மேல் தலையைச் சாய்த்தேன். கண்ணை மூடினேன். தூங்கவில்லை. ஜெனரேட்டர் சத்தம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் மணிக்கட்டில் இரண்டு விரல்கள் அமர்ந்தன.

பதமாக. பழகிய நர்ஸ் வைக்கிற மாதிரி.

குளிர்... எலும்புவரை.

நான் பயப்படவில்லை. கையை எடுக்கவும் தோன்றவில்லை. பார்த்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல். இங்கிலீஷில். மெதுவாக.

"இரண்டு."

விரல்கள் அழுந்தின.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது...

குளிர் முழங்கைக்கு ஏறியது. தோளுக்கு. பிறகு கீழே... அடிவயிற்றுக்கு.

"ஒன்று."

விரல்கள் விடவில்லை.

இன்னும் அழுந்தின.

அப்போதுதான் வந்தது. பயம். இரண்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி.

கையை உதறினேன். நாற்காலி சாய்ந்தது. நானும் விழுந்தேன்.

யாரும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

அன்று சாயங்காலம் சூப் கொண்டுபோனபோது ஹீலிக்கு மூச்சு இல்லை. மறுநாள் விடிவதற்குள் நோவாக் பாட்டியும் போய்விட்டார். வயது, பழைய இதயக் கோளாறு என்று டாக்டர் எழுதினார். நான் ராஜராணி அக்காவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் கையைச் சேலைத் தலைப்பில் துடைப்பதுபோல ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டார்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றார்.

ஜனவரி கடைசியில் வேலையிலேயே மயங்கி விழுந்தேன். அக்காதான் டாக்டர் சாந்தியிடம் கூட்டிப் போனார். மதுரைக்காரர். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய், நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்கேன் அறையில் படுக்கவைத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ கர்ப்பமா இருக்கம்மா. குழந்தையோட ஹார்ட் பீட் நல்லா இருக்கு," என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். "ஆனா ட்வின்ஸா இருந்திருக்கு. இன்னொண்ணு... நின்னுபோச்சு."

அக்கா என் கையைப் பிடித்தார். மணிக்கட்டைத் தொடாமல், விரல்களை மட்டும்.

"எப்ப நின்னுச்சுங்க டாக்டர்?"

திரையில் அளந்து பார்த்தார். சுவரில் இருந்த காலண்டர் பக்கம் திரும்பினார்.

"வளர்ச்சியைப் பார்த்தா ஜனவரி எட்டு, திங்கட்கிழமை வாக்குல. ரெண்டு மூணு நாள் முன்னப்பின்ன இருக்கலாம். ஏம்மா, அன்னைக்கு ஏதாவது நடந்துச்சா?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"ஸ்னோ பெஞ்சுதுங்க டாக்டர்," என்றேன்.