நிற்கத் தெரியாத சைக்கிள்

போன இரண்டு வாரம் பத்திரிகையில் இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்று கேட்டு ஐந்தாறு வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர், “ஜெயிலுக்குப் போய்விட்டீர்களோ?” என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்திருக்கிறார். சுயராஜ்யப் போராட்டம் நடக்கிற இந்தக் காலத்தில் ஒரு மனிதனை நாலு நாள் காணவில்லை என்றால் அப்படிக் கேட்பதுதான் கௌரவம். ஆனால் பொய் சொல்லி அந்தக் கௌரவத்தை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

நான் ஜெயிலுக்குப் போகவில்லை, ஐயா. ஒரு சைக்கிள் வாங்கினேன். அதனால் வந்த வினை.

இந்தப் பக்கத்தில் எழுதுவதால் என் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரம்பலூரில் பத்திரப் பதிவு ஆபீசில் ஆக்டிங் குமாஸ்தாவாக இருந்தேன். ‘ஆக்டிங்’ என்றால் என்ன தெரியுமா? வேலை முழுதாக உண்டு. நாளைக்கு உண்டா என்பது மட்டும் தெரியாது!

வீடு, அரியலூர் ரோட்டில் ஆறு மைல் தள்ளி ஒரு கிராமத்தில். என் மனைவி சிவகாமிக்கு அங்கே தையல் மிஷினும், அதை நம்பி அரை ஊர் ஜாக்கெட்டுகளும் இருந்தன. அவள் பெரம்பலூருக்கு வர மாட்டாள். ஆகவே நான்தான் போய் வர வேண்டும் – பஸ்ஸில்.

பஸ் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். யுத்தத்தினால் பெட்ரோல் கிடையாது. பின்னால் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, ஊதி ஊதி ஓட்டுகிறார்கள். ஊதினால் ஓடும். ஊதியும் ஓடாவிட்டால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டுக்குக் காசும் வாங்கிக்கொண்டு தள்ளவும் சொல்கிற உலகத்தின் ஒரே வாகனம் இதுவாகத்தான் இருக்கும்.

ஒரே மாதத்தில் மூன்று நாள் லேட். மூன்று நாளும் என் பெயருக்கு நேரே சிவப்பு மை.

எங்கள் ஆபீசர் கனமான மனிதர் – உடம்பிலும் பேச்சிலும். மூன்றாம் நாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“பஸ் லேட்னு சொல்லப் போறீர். அதானே?”

“ஆமாம் சார். கரி சரியாப் பிடிக்கலை...”

“உமக்குக் கரி பிடிக்கலை, எனக்குப் பொய் பிடிக்கலை. இன்னும் ஒரு தடவை லேட்டானா, உம்ம ஆக்டிங்கை முடிச்சுடலாம்னு மேலே எழுதிடுவேன். போம்.”

அன்று சாயந்திரமே முடிவு செய்தேன். சைக்கிள்!

ஆனால் சைக்கிளுக்கு எங்கே போவது? புது சைக்கிளைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகிறது. அரியலூரில் ரயிலடிக்குப் பக்கத்தில் காதர் பாய் என்பவர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார், அவரிடம் மலிவாக ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர், ரங்கூனில் கடை வைத்திருந்து, அங்கே குண்டு விழுந்ததும் உயிர் பிழைத்தால் போதும் என்று நடந்தே ஊர் திரும்பியவர்.

சைக்கிள் பளபளவென்று இருந்தது. விலை நாற்பத்திரண்டு ரூபாய். இவ்வளவு மலிவா? எனக்கே சந்தேகம் வந்தது. பாய் மறைக்கவில்லை.

“முதல்லயே சொல்லிடுறேன் சார். இதுல ப்ரீவீல் இல்ல. ஒடைஞ்சு போச்சு. புதுசு கப்பல்ல வரணும், கப்பல் எங்க வருது? பல்சக்கரத்தைப் பின்சக்கரத்தோட இறுக்கிப் பூட்டிட்டேன். வண்டி ஓடுற வரைக்கும் பெடலும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்.”

“சைக்கிள்னா பெடல் சுத்தத்தானே செய்யும் பாய்?”

“அப்படி இல்லீங்க. நீங்க காலை நிறுத்துனாலும் அது நிறுத்தாது.”

“ரொம்ப நல்லது. சோம்பேறித்தனம் வராது.”

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பிரேக்கும் ஒண்ணுதான். ரப்பர் தேஞ்சிருக்கு. இன்ஷா அல்லா, நல்லபடியா போய்ச் சேருங்க” என்றார்.

சைக்கிள் விற்பவர், வாங்கியவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

திருச்சியில் படித்த காலத்தில் வாடகை சைக்கிளில் சுற்றியவன் நான். முதல் மூன்று மைல் ராஜா மாதிரி வந்தேன். பிறகு ஓர் இறக்கம் வந்தது. இறக்கத்தில் யாராவது மிதிப்பார்களா? பழைய பழக்கத்தில் ஒய்யாரமாகக் காலை நிறுத்தினேன்.

பெடல் என்னைத் தூக்கி ஒரு கடலைக் கொல்லையில் போட்டது.

எதிரே மூட்டை வண்டி ஓட்டி வந்த ஒருவர் இறங்கி ஓடிவந்தார். என்னைத் தூக்கி நிறுத்தினார். சைக்கிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏங்க, வண்டி ஓடிக்கிட்டிருக்கையில நீங்க மட்டும் ஏன் நின்னீங்க?”

வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் ஏறினேன். 

ஓட்டுவது இரண்டு நாளில் பழகிவிட்டது. நிறுத்துவதுதான் பழகவில்லை. வீட்டுக்கு வரும்போது கவலை இல்லை – வாசலுக்குப் பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தது. நேரே அதற்குள் போய்விடுவேன். ஆபீசில் வைக்கோல் போருக்கு எங்கே போவது? அங்கே ஒரு வேப்பமரம் உண்டு. அதன் அடியில் பெட்டியும் மேஜையுமாக ஸ்டாம்பு வெண்டர் சந்தானம் உட்கார்ந்திருப்பார். என் தலை தூரத்தில் தெரிந்ததும் மனிதர் மேஜையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். நான் வந்து மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்பேன். பிறகு அவர் திரும்பவும் உட்காருவார். தினமும் இது நடந்தது. ஆபீசர் தினமும் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரத்துக்குப் போனேன். அதை யாரும் மறுக்க முடியாது. சில நாள் நேரத்துக்கு முன்பே போய் மோதியிருக்கிறேன்.

“ஏங்க, இப்படி முட்டிக்கிட்டே எத்தனை நாளு?” என்று கேட்டாள் சிவகாமி, என் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே. “என் மிஷின்ல மட்டும் பிரேக்கா இருக்கு? நான் எப்படி நிறுத்துறேன்?”

“எப்படி நிறுத்துறே?”

“ஓட்டுற காலாலதான். வெடுக்குன்னு நிறுத்தினா ஊசி ஒடிஞ்சிடும், நூல் அறுந்திடும். மிதி எழும்பி வரும்போது லேசா அமுக்கணும். அமுக்க அமுக்க அதுவே அடங்கிடும். வந்து உக்காருங்க.”

“நானா? தையல் மிஷின்லயா?”

“முட்டி உங்களது. விருப்பம் உங்களது.”

உட்கார்ந்தேன். காலையில் அரை மணி, சாயந்திரம் அரை மணி. முதல் நாள் நான்கு ஊசி ஒடித்தேன். யுத்த காலத்தில் ஊசி கிடைப்பது சுலபமா? வீட்டில் அன்று என்னோடு பேச்சில்லை. இரண்டாம் நாள், யாரோ ஒரு புண்ணியவதியின் ஜாக்கெட் கையை இரண்டு பக்கமும் தைத்து அடைத்துவிட்டேன். நாலாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். நான் கர்மசிரத்தையாக மிதித்துக்கொண்டிருந்தேன்.

“சர்க்கார் வேலை போயிருச்சாம்மா சிவகாமி?” என்று தணிந்த குரலில் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மனம் நொந்தவனுக்கு ஆறுதல் சொல்வதுபோல, “பரவால்ல தம்பி, இதுவும் நல்ல தொழில்தான். என் பேத்திக்கு ஒரு பாவாடை தைச்சுக் குடு” என்று துணியையும் வைத்துவிட்டுப் போனார்.

நம்மில் எத்தனை பேருக்கு ஓடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்! நிற்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? எனக்கு ஒருத்தி கிடைத்தாள். அதற்கு ஊர் எனக்குத் தையற்காரன் என்று பட்டம் கட்டினால் கட்டட்டும்.

அதற்கு அடுத்த வாரம் ஜில்லா ரிஜிஸ்திரார் எங்கள் ஆபீசைப் பார்வையிட வருவதாகத் தாக்கீது வந்தது. திருச்சியிலிருந்து மோட்டாரில் வருகிறார், காலை பத்தரைக்கு. எங்கள் ஆபீசரோ முதல் நாள் மகளைப் பார்க்க அரியலூர் போனவர், காலை பஸ்ஸில் நேரே ஆபீசுக்கு வருவதாக ஏற்பாடு. ஆபீஸ் பெட்டகத்தின் சாவி அவர் இடுப்பில்.

நான் ஒன்பதரைக்குக் கிளம்பினேன். ஒரு மைல் போயிருப்பேன். நடு ரோட்டில் பஸ். பின்னால் பத்துப் பதினைந்து பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு தலைப்பாகை... கோட்டு... சரிகை அங்கவஸ்திரம்...

எங்கள் ஆபீசர்! முகமெல்லாம் கரி!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தியமாக வரவில்லை. மூச்சு வாங்க நின்ற அந்த மனிதரின் கண்ணில் இருந்தது பயம். மேலதிகாரிக்குப் பயப்படுகிற கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதானே!

எழும்பி வந்த பெடலை லேசாக அமுக்கினேன். சைக்கிள் அவர் பக்கத்தில் நின்றது.

“ஏறுங்க சார்.”

ஆபீசர் காரியரைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார்.

“நீர் எப்படி நிறுத்துவீர்னு நான் தினமும் பார்க்கிறேன்யா.”

“இப்ப நிறுத்தினேனே சார்.”

அவருக்கும் வேறு வழியில்லை, ஏறினார். சைக்கிள் ஒரு முனகல் முனகியது. அவர் எடைக்கு, மேட்டில் என் உயிர் போயிற்று. இறக்கத்தில் அவர் உயிர் போயிற்று.

“மெதுவாப் போம்! மெதுவா!”

“என் கையில இல்ல சார்.”

“காலை நிறுத்துமய்யா!”

“நிறுத்தினா ரெண்டு பேரும் கொல்லையில கிடப்போம் சார். பேசாம இருங்க!”

மேலதிகாரியைப் பார்த்துப் ‘பேசாமல் இருங்கள்’ என்று சொன்னது என் வாழ்க்கையில் அது ஒரே தடவை. அவரும் பேசாமல் இருந்தார். கால் ராட்டினம்போலப் பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, எழும்பி வருகிற காலை அமுக்கினேன்... அடுத்த காலை அமுக்கினேன்... முழங்கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. ஆனால் வண்டி அடங்கியது. அடங்கி, அடங்கி, பத்து இருபத்தைந்துக்கு ஆபீஸ் வாசலில் பூப்போல நின்றது. மேஜையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்ற சந்தானத்தின் முகத்தில் அவ்வளவு ஏமாற்றத்தை நான் கண்டதில்லை.

ஜில்லா ரிஜிஸ்திரார் ஏற்கெனவே வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

“இறங்குங்க சார்” என்றேன்.

“முடியலையே!” என்றார் ஆபீசர்.

திரும்பிப் பார்த்தேன். அங்கவஸ்திரத்தின் ஒரு முனை அவர் கழுத்தில். மறு முனை சங்கிலியில் நாலைந்து சுற்று சுற்றிப் பல்சக்கரத்துக்குள்.

சந்தானம் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார்.

“வெட்டாதேயும்! சம்பந்தி வூட்டுல போட்டது!” என்று அலறினார் ஆபீசர்.

ஒரே வழிதான். சுற்றிக்கொண்டது அவிழ வேண்டுமானால் சைக்கிள் பின்னால் போக வேண்டும். சைக்கிள் பின்னால் போனால் அதோடு பிணைக்கப்பட்ட ஆபீசரும் பின்னால் போக வேண்டும். அவரை ஒருவாறு இறக்கி, குனிந்தபடியே நடக்கவிட்டு, நான் வண்டியை மெல்லப் பின்னால் தள்ளினேன். வராந்தாவைப் பார்த்துக் கும்பிட்டபடியே ஆபீசர் பின்புறமாகப் பத்து அடி நடந்தார்.

ஜில்லா ரிஜிஸ்திரார் வராந்தா விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு, “என்ன ஓய், என்னைப் பார்த்ததும் திரும்பிப் போறீரே?” என்று கேட்டார்.

நல்லவேளையாக அவரே சிரித்துவிட்டார். பெட்டகம் திறந்தது. புஸ்தகங்கள் எல்லாம் சரியாக இருந்தன. பார்வையிடுதல் முடிந்து மோட்டார் கிளம்பிப் போயிற்று.

சாயந்திரம் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் அங்கவஸ்திரத்தில் இருந்த எண்ணெய்க் கறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“மூணு தடவையும் நீர் நிஜத்தைத்தான் சொன்னீர், இல்லையா?” என்றார்.

 தலையை ஆட்டினேன்.

“தள்ளிப் பார்த்தாத்தான்யா தெரியுது” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. பெர்மனன்ட்! கூடவே அரியலூருக்கு மாற்றல். வேலை நிலையாகிவிட்டது என்றதும் சிவகாமியும் மிஷினைக் கழற்றி வண்டியில் ஏற்றச் சம்மதித்தாள். சைக்கிளை ஆபீசரே கேட்டு வாங்கிக்கொண்டார். சாமான் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் இரண்டு வாரம் ஓடிப்போயிற்று. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

அரியலூரில் எங்களுக்குக் கிடைத்திருக்கும் வீடு ஆபீசுக்கு நேர் எதிரே. நடுவில் ஒரு தெருதான். ஆபீஸ் கடிகாரம் அடிப்பது எங்கள் சமையற்கட்டில் கேட்கும். “இதோ இருக்கிற ஆபீஸ்தானே, இன்னும் ரெண்டு தோசை சாப்பிட்டுப் போங்க” என்கிறாள் சிவகாமி.

வந்து பதினோரு நாள் ஆகிறது. அதில் ஐந்து நாள் லேட். ஆறு மைல் தள்ளி இருந்தவனுக்குச் சொல்வதற்கு ஒரு பஸ்ஸாவது இருந்தது – எதிர்வீட்டுக்காரன் என்ன காரணம் சொல்வான்?