மாமனாரின் இரங்கல் ஒத்திகை

சோபாவில் மல்லாந்து படுத்து, கைகளை மார்பின் மேல் சேர்த்துக்கொண்டு, கண்ணை மூடினார் என் மாமனார். "ஆச்சு, நான் போயாச்சு. ஆரம்பிங்க மாப்பிள்ளை." ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் எங்கள் வீட்டில் இரங்கல் கூட்டம். வயிறு முட்டச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டபடி செத்துப்போகிற ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார்.

எல்லாம் அவருடைய கூட்டாளி கொத்தனாரால் வந்த வினை. கொத்தனாரின் இரங்கல் கூட்டத்தில் யாரோ, "பொறுமையின் சிகரம்" என்று பேசிவிட்டார். "பொறுமையா? அவன் கரண்டியை வீசினதுல விழுந்த தழும்புய்யா இது!" என்று இவர் நெற்றியைக் காட்டிக் கத்த, ஒரே ரகளை. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்: தன்னைப் பற்றிப் பேசப்போவதை உயிரோடு இருக்கும்போதே கேட்டுத் திருத்திவிட வேண்டும்.

வாழ்நாள் முழுக்கக் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வெல்லாம் பேச்சுக்குத்தான். விருந்துக்குப் போனால்கூட வாஷ்பேசினுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க மாட்டார். கட்டைவிரலால் அடிப்பக்கம் தடவி, ஆட்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும் மாப்பிள்ளை. விரல் ஏமாத்தாது."

"மாமா அன்பானவர், பண்பானவர்..." என்று ஆரம்பித்தேன்.

"இது எல்லாருக்கும் சொல்றதுதானே? ஆஸ்பத்திரி மாடியில பைப்பு வெடிச்சப்போ நான் போய் நின்னதைச் சொல்லுங்க" என்றது பிணம்.

"அப்பா, செத்தவங்க பேசக் கூடாது!" என்று என் மனைவி அதட்டினாள். பிறகு, பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர் இடுப்பில் ஸ்பானரோடு வந்து அவள் மானத்தை வாங்கியதைச் சொன்னாள். பிணத்தின் தொப்பை குலுங்கியது.

அவருக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு குறை. மாமியார் ஒருதடவைகூட வாய் திறந்ததில்லை. "உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று சமையலறைக்குப் போய்விடுவார். "அவ என்ன நினைக்கிறான்னு தெரியாமலே போயிடுவேனோ மாப்பிள்ளை?" என்று என்னிடம் ஒருநாள் நிஜமாகவே கலங்கினார் மனுஷன். எனக்குப் பாவமாக இருந்தது.

அதனால் நானே கூப்பிட்டேன். "ரெண்டு வார்த்தை பேசுங்க அத்தை."

என்ன தோன்றியதோ, மாமியார் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். பிணம் மூச்சை அடக்கியது.

"ஊரார் வீட்டுக் குழாய்னா விழுந்தடிச்சு ஓடுவாரு. நம்ம வீட்டுக் குழாய் ஒழுகினா மட்டும் காது கேக்காது" என்றார். பிணம் முகத்தைச் சுளித்தது. "குறட்டைய கேட்டா பக்கத்து வீட்டு நாய் குலைக்கும். பிடிவாதமோ சொல்லி மாளாது." நானும் என் மனைவியும் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினோம்.

"ஆனா, தினம் காலைல எனக்கு முன்னாடி எந்திரிச்சு குழாயத் திறந்துவிட்டு, ஜில்லுத் தண்ணி போய் வெந்நீர் வர்ற வரைக்கும் கையை நீட்டிக்கிட்டு நிப்பாரு. வந்ததும், 'இப்ப வந்து மூஞ்சி கழுவு'ம்பாரு. கல்யாணம் ஆனதுலேருந்து நான் ஜில்லுத் தண்ணியில மூஞ்சி கழுவினதே இல்ல. இவரு இல்லாத அன்னிக்கு..."

எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மாமனார் கண்ணைத் திறக்கவில்லை. அவருடைய வலது கை மட்டும் மெல்ல எழுந்து, காற்றில் துழாவி, மாமியாரின் முகத்தைக் கண்டுபிடித்தது. கண்ணுக்குக் கீழே கட்டைவிரலால் ஒருமுறை தடவி, ஆட்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.