காய வைத்த நீச்சல்குளம்

ஒரே நிகழ்ச்சியைப் பலர் வாயிலாகக் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு எந்தக் கதையும் ஒரே முடிவோடு கிடைப்பதில்லை; ஆளுக்கொரு வடிவம், அதையே நாங்கள் பாடம் என்போம். ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அலையும் அன்பர்களே, இந்தத் துன்பம் உங்களுக்கும் பழகியதுதான். கீழ்வருவது, கெடாரைச் சேர்ந்த டைல்ஸ் கொத்தனார் ஏழுமலையிடம் சென்ற மாசி மாதம் விழுப்புரத்துத் தேநீர்க் கடையொன்றில் கேட்டது. பிறரிடம் கேட்டறிந்தவற்றை ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

காசால் தட்டுதல்

திண்டிவனம் புறவழிச்சாலை ஓரத்தில் ஹமீது பாய்க்கு ஒரு நீச்சல்குளம் இருந்தது. கோட்டக்குப்பத்துக்காரரான அவர், துபாயில் உழைத்த பணத்தில் கட்டியது. டைல்ஸ் மெருகு போய், விளிம்புகள் பெயர்ந்து, நீந்த வரும் பிள்ளைகளின் பாதங்களைக் கிழிக்கத் தொடங்கியிருந்தன. பழையதைச் சீர்செய்தால் போதுமா, அடியோடு பெயர்த்துப் புதிது ஒட்ட வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல ஏழுமலையை அழைத்தார்கள்.

கார்த்திகை மழை சற்று ஓய்ந்திருந்த நேரம். காசால் டைல்ஸைத் தட்டினால், கலவை பிடித்திருக்கும் இடத்தில் கெட்டியான ஒலியும், விட்டுப்போன இடத்தில் பொள்ளலான ஒலியும் கேட்குமாம். பாதித் தண்ணீரை இறைத்தால் போதாதா என்று பாய் கேட்டிருக்கிறார். ஏழுமலை ஒப்பவில்லை. “ஈரத்துல எல்லா டைல்ஸும் நல்ல புள்ளையாட்டம் பேசும் பாய். முழுசா எறச்சிட்டு காய வுடுங்க, அப்பறம் தெரியும் அதுங்க யோக்கியத.”

வேறு நீலம்

காய்ந்தபின் தட்டியதில் பெரும்பகுதி கெட்டியாகவே இருந்தது. பெயர்ந்தவற்றை மட்டும் மாற்றி, இடுக்குகளைப் பூசினால் தை பிறக்கும்முன் தண்ணீர் விட்டுவிடலாம். அடியோடு மாற்றினாலோ கோடை முழுவதும் போய்விடும். அங்கே நீச்சல் கற்பித்த ஸ்டெல்லாவுக்கு அந்தக் கோடைதான் எல்லாம். இந்தக் குளத்தை நம்பியே பள்ளிக்கூட வேலையை விட்டவர் அவர். வகுப்பு நின்றால் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள், கலைந்தவர்கள் திரும்பமாட்டார்கள்.

பாய்க்கு மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை. புதிய மாதிரிகளைக் கொண்டுவந்து வெறுங்குளத்தில் பரப்பிப் பார்ப்பார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிடுவார்.

“இன்னா டீச்சரம்மா, அந்தப் பழைய நீலம் இப்ப எங்கயும் வர்றதில்ல. நடுவுல வேற நீலம் வெச்சா, கிழிஞ்ச சட்டைக்கு ஒட்டு போட்டாப்ல இருக்கும்” என்றாராம் ஒருநாள்.

ஸ்டெல்லா விடவில்லை. “புள்ளைங்க நீந்த வருதுங்க பாய், சட்ட வாங்க வர்ல. ஜல்தியா ஒண்ணு சொல்லுங்க.”

பெஞ்சின்மேல் நீச்சல்

இதற்குள் மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. அருகிலிருந்த ஏரி நிரம்பி வழிந்தது. குளத்தில் தேங்கிய மழைநீரை ஏழுமலை காலைதோறும் மோட்டார் வைத்து இறைத்து, சொட்டு ஈரமில்லாமல் காத்துவந்தார். அந்தக் கவனத்தைப் பாய் மெச்சவும் செய்தார்.

பிள்ளைகளின் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று ஸ்டெல்லா அவர்களைக் கொட்டகைக்குள் பெஞ்சுகளின்மேல் குப்புறப் படுக்கவைத்துக் கைவீசப் பழக்கினார். நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் வேலை முடித்து மகளை அழைத்துப்போக வந்த ஒரு தாய், முழங்கால்வரை சேறோடு நின்று சொன்னது: “ஊருக்கெல்லாம் தண்ணி வந்துட்ச்சு, இந்தக் கொளத்துக்கு மட்டும் வரக் கூடாதாமா மிஸ்ஸு?”

பாய் தலையாட்டிய மறுநாள்

கடைசியில் பாய் இசைந்தார். பழைய டைல்ஸ் இருக்கட்டும், உடைந்ததை மட்டும் மாற்றுவோம், எந்த நீலமானாலும் சரி என்றார். மறுநாள் காலை பூச்சுக்கலவை மூட்டைகளோடு மூவரும் குளத்துக்குள் எட்டிப்பார்த்தபோது, தரை நடுவில் எருமை முதுகுபோல் மேலெழுந்திருந்தது. டைல்ஸ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூரை கூரையாக நின்றன. நீளவாக்கில் ஓடிய வெடிப்பில் தெளிந்த நீர் கசிந்தது.

ஏரி நிரம்பியதும் நிலத்தடி நீர் உயர்ந்து, வெறுங்குளத்தைக் கீழிருந்து தூக்கிவிட்டது. உள்ளே தண்ணீர் இருந்திருந்தால் அதன் பாரமே தரையை அழுத்திப் பிடித்திருக்கும். குளியலறைக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் டைல்ஸ் ஒட்டிப் பழகியவர்க்கு அந்த நினைப்பு வரவில்லை. ஸ்டெல்லா படியிறங்கிப் போய், புடைத்த இடத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு மேலேறி வந்தாராம். “பழசா புதுசான்னு டைல்ஸப் பத்தியே பேசிக்கினு இருந்தோம் சார். அடியில இன்னா நடக்குதுன்னு ஒருத்தனும் கேக்கல” என்றார் ஏழுமலை.

ஏழுமலை சொன்ன பாடத்தில், குளம் மண்ணடித்து மூடப்பட்டு அதன்மேல் இப்போது மல்லாட்டை காய்கிறது. கோட்டக்குப்பத்தில் பாயின் உறவினர் சொல்வதில், தரையை இடித்துக் கட்டிப் புது டைல்ஸ் ஒட்டியாயிற்று, திறப்புவிழாதான் பாக்கி. ஸ்டெல்லாவின் பாடம் பாய் தலையாட்டிய மாலையோடு நின்றுவிடுகிறது; மறுநாள் காலையைப் பற்றிக் கேட்டால், “அவ்ளோதான் சார்” என்கிறார். மூன்றில் எது சரி என்று திண்டிவனம் போய்ப் பார்த்தால் அரைநாளில் தெரிந்துவிடும், ஸ்டெல்லாவின் பாடத்தைத் தள்ள மனமில்லாமல் நான்தான் இன்னும் பேருந்து ஏறவில்லை.