லோடுக்குத் தகுந்த ஸ்பிரிங்

என் தம்பி என்னை வீட்டை விட்டுத் துரத்தவில்லை. ஊரில் யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். அவன் வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றினான், அவ்வளவுதான்.

அந்த வண்டி அரும்பாவூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில், சுற்றுலா வருகிறவர்களை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிக் காட்டுவதற்காக ஒருவர் வைத்திருந்தது. தொழில் படுத்ததும் தம்பி வாங்கி வந்தான். கதவு கிடையாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பின்னால் மூட்டை போட ஒரு தொட்டி. நான்கு சக்கரமும் வெளியே பிதுங்கி நிற்பதால் தெருப் பிள்ளைகள் நண்டு வண்டி என்றார்கள். உடையார்பாளையம் தாண்டி எங்கள் முந்திரிக்காட்டுக்குப் போகிற செம்மண் பாதையை மழை அரித்துப் போட்டிருக்கும். டிராக்டரே திணறுகிற இடத்தில் நண்டு ஏறிப் போய்விடும்.

நான் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டியவன். தார்ப்பாய் கட்ட லோடு மேல் ஏறினவன் கல்லோடு கல்லாகக் கீழே வந்தேன். முதுகில் கம்பி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து பைக்கில் ஏறினால் உயிர் போகும். டவுன் பஸ்ஸில் ஏறினால் போன உயிர் திரும்பி வந்து மறுபடியும் போகும். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. தம்பி வீட்டில் சாப்பாடு, முன்னறையில் ஒரு கட்டில், கட்டிலுக்கு எதிரே ஒரு சுவர். அந்தச் சுவரைப் பார்த்த அளவுக்கு நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்ததில்லை.

நண்டு வந்ததும் எனக்கு விடிவு வந்தது. அதில் கம்பெனியில் போட்டு வந்த ஸ்பிரிங்குகள் உழைத்து உழைத்துத் தொய்ந்திருந்தன. நாலு மூட்டை போட்டால் வண்டியின் வயிறு வேரில் உரசும். தம்பிக்கு அது எரிச்சல், எனக்கோ சொர்க்கம். எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் மெத்தென்று அமுங்கி எழும். தினமும் காலையில் இடது சீட்டில் ஏறிக் காட்டுக்குப் போனேன். தம்பி வளைகுடாவில் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஒட்டுக்கன்றையும் வைத்துத் தண்ணீர் ஊற்றியவன் நான்தான். அந்த மரங்களுக்கு நடுவில் இருக்கும்போது மட்டும்தான் நான் மனிதன், மற்ற நேரமெல்லாம் கட்டிலில் கிடக்கும் சாமான்.

போனவன் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதும் உண்மை. இந்தக் கிளையை எவன் வெட்டினான், அந்த மரத்துக்கு ஏன் கவாத்து பண்ணவில்லை என்று கூலியாட்கள் முன்னாலேயே தம்பியைக் கேட்பேன். காடு இருவருக்கும் பொது, கேட்கக் கூடாதா? அவன் முகம் சுருங்கும். சுருங்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

காய்ப்பு தொடங்கும் சமயம், ஸ்பிரிங் மாற்றப் பெரம்பலூர்ப் பட்டறைக்குக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். பட்டறைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று முழுக்கக் கெட்டி. இன்னொன்றில் சுருள் மேல் சுருள். காலியாகப் போனால் மேல்சுருள் மெத்தென்று அமுங்கும், லோடு ஏற்றினால் கீழ்ச்சுருள் தாங்கும். இரண்டுமே கையிருப்பில் இருந்தன. இடது பக்கம் தினமும் ஆள் உட்காருவாரா என்று தம்பியிடம் கேட்டார்.

"இன்னும் எத்தன நாளைக்கு வரப் போறாரு? லோடுக்குத் தகுந்தாப்புல கெட்டியாவே போடுங்க" என்றான்.

நான் இன்னும் அந்த இடது சீட்டை விட்டு இறங்கவில்லை. பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். காது கேட்காத ஆள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது தார் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை காட்டுப் பாதையில் தெரிந்தது. காலி டிப்பர் உதைக்கும், லோடு டிப்பர் தாலாட்டும். சுரங்கத்தில் எவனைக் கேட்டாலும் சொல்வான். ஒவ்வொரு வேருக்கும் நண்டு துள்ளியது, முதுகுக் கம்பி மண்டைவரை இடித்தது. துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டேன். தம்பி வேகத்தைக் குறைக்கவில்லை. இறங்கியதும், ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நல்லா இருக்கு என்றேன். வேறு என்ன சொல்வது? சாயங்காலம் தொட்டி நிறைய முந்திரி மூட்டை ஏற்றித் திரும்பினோம். வண்டி தொட்டில் மாதிரி வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: காட்டிலிருந்து வர எனக்கு வண்டி உண்டு, போகத்தான் இல்லை.

மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. வாசற்படியில் நின்றவனிடம் கெஞ்சினேன், வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

"போறப்ப நாலு மூட்ட மண்ணாச்சும் பின்னால போட்டுக்கடா. மெத்துனு போவும்."

"வெறும் மண்ண எதுக்குண்ணே சொமக்கணும்? ஒனக்கு ஒத்துக்கல, வூட்லயே இரு."

அவ்வளவு அன்பான குரல். கல்லை எடுத்து அடிக்கலாம் போல இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

வலி கொஞ்சம் அடங்கியதும் ஒரு காலை, தலையணை, போர்வை, தட்டு, மாத்திரை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் ஏறினேன். தம்பி முறைத்தான், கேட்கவில்லை. வழியெல்லாம் அடித்த அடியில் கண்ணில் நீர் வந்தது. சாயங்காலம் மூட்டை ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டான். வண்டி தாலாட்டத் தயாராக நின்றது. நான் மோட்டார் கொட்டகையில் போர்வையை விரித்து உட்கார்ந்துகொண்டு, வரவில்லை என்றேன். கத்திப் பார்த்தான், ஆட்களை விட்டுச் சொல்லிப் பார்த்தான். கடைசியில் போய்விட்டான்.

அண்ணனைக் காட்டில் போட்டுவிட்டான் என்று ஊர் பேசுமே என்று அவன் மனைவிக்குப் பயம். அதனால் தினமும் என் சாப்பாடு நண்டில் வருகிறது. காய்ப்பு முடிந்துவிட்டது, போக வர வண்டி காலி. என் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய கேரியர் உட்கார்ந்து வருகிறது. பாதி சாம்பார் சீட்டுக்கு, மீதி எனக்கு. அவன் வருவது கண்ணில் படுவதற்கு முன்பே வண்டி குதிக்கும் சத்தம் கேட்டுவிடும். கேட்கச் சுகமாக இருக்கிறது, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இப்போதெல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் இறங்குகிறான். ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று தவறாமல் விசாரிக்கிறேன். நல்லா இருக்கு என்கிறான்.

நேற்று கேரியரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். முகம் வாடியிருந்தது. சின்ன வயதில் அடிபட்டு என்னிடம் ஓடி வந்தபோது இருந்த முகம்.

"அண்ணே, நாளைக்கு நாலு மூட்ட மண்ணு போட்டு எடுத்தாறேன். மெதுவா ஓட்டுறேன். வூட்டுக்கு வந்துரு."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

"வெறும் மண்ண எதுக்குடா சொமக்கணும்?"