சகுரா இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்த செலின் அக்கா

செலின் அக்கா போய்விட்டார்... இன்று காலை, ஈப்போ ஆஸ்பத்திரியில்.

அவர் கணவர் சேவியர் அண்ணன்தான் போன் பண்ணினார். "செலின் போயிட்டாம்மா" என்றார். 

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா பயோலஜி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு என்னோடு சேர்ந்து ஈப்போவில் ஒரு சின்ன நர்சரி நடத்தினார். செடிகள் அவர் பொறுப்பு. கவுண்டரும் ஃபேஸ்புக் பேஜும் என் பொறுப்பு. சண்டை இரண்டு பேருக்கும் பொது.

சண்டை பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான். நல்ல வெயிலில் ரோட்டோரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு பிங்க் நிறத்தில் பூத்து நிற்குமே, தெக்கோமா... அதை ஊரே சகுரா, அதாவது ஜப்பான் செர்ரிப் பூ, என்கிறது. கல்யாண ஜோடிகள் கிமோனோ வாடகைக்கு எடுத்து வந்து அதன் கீழே நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

நானும் வியாபாரம் தெரிந்தவள்தான். "மலேசிய சகுரா, கன்று ரெடி!" என்று பேஜில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் முதல் கமெண்ட் வந்தது... என் பார்ட்னரிடமிருந்தே.

"இது சகுரா இல்லை, தெக்கோமா. மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் வடபகுதி வரை இதன் சொந்த மண். சகுரா ரோஜாக் குடும்பம், இது வேறு குடும்பம். தெரிந்து வாங்கவும்."

நான் கொதித்துப்போனேன். "சொந்த யாவாரத்துலயே மண்ணள்ளிப் போடுறீங்களே அக்கா! பாக்க ஒரே மாதிரிதான இருக்கு லா?"

"ஒரே மாதிரி இருந்தா சொந்தமாயிருமா? கேமரன் மலைல வெளையிற ஸ்ட்ராபெரி இருக்கு பாரு, அதுதான் சகுராவுக்குச் சொந்தம். அதுவும் ரோஜாக் குடும்பம்."

ஸ்ட்ராபெரியும் சகுராவுமா என்று கோபத்தை மறந்து சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் கடை லேபிளில் தெக்கோமா என்றுதான் எழுதினோம். எழுதியது நான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அக்காவின் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அந்த எஸ்டேட் இப்போது வரிசை வீடுகளாகிவிட்டது. ஒருநாள் அந்தப் பக்கம் கன்று டெலிவரி பண்ணப் போனபோது அக்கா சொன்னார்: "ரப்பர் மரம் பிரேசில்லேர்ந்து கப்பலேறி வந்துச்சு. நம்ம ஆளுங்களும் கப்பலேறித்தான் வந்தாங்க. எங்கேருந்து வந்தோம்னு சொல்றதுல என்ன கூச்சம்?"

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. தானாக முளைத்த ஒரு செர்ரி மரத்தை, அதன் சொந்தக் காட்டில், பூவோடு பார்க்க வேண்டும். ஜப்பான் டூர் போகலாமே என்றால் வேண்டாம் என்பார். அங்கே பூங்காவில் நிற்பதெல்லாம் மனுஷன் நட்டு வளர்த்த வகையாம்.

"இமயமலைல ஆரம்பிச்சு, பர்மாவத் தாண்டி, வட தாய்லாந்து மலை வரைக்கும் ஒரு காட்டுச் செர்ரி இருக்கு. நமக்கு அதான் கிட்ட. குளிர்காலத்துல பூக்கும்." இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

போன வருஷம் அவர் இதயம் பலவீனமாகிவிட்டது. மலையெல்லாம் ஏறக் கூடாது என்றார் டாக்டர். சேவியர் அண்ணன் பயந்துபோனார். "அங்க போயி ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?"

"இங்க இருந்தாலும் ஒருநாள் ஆகத்தான் போவுது. பாக்காமப் போனாத்தான் எனக்கு வருத்தம்" என்றார் அக்கா. அழவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ கூடப் போறியாம்மா? பத்திரமா கூட்டிட்டு வந்திருவியா?"

தலையாட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

இந்த ஜனவரியில் வட தாய்லாந்தில் இருக்கும் சியாங் மாய் போனோம். முதலில் பார்த்த சரிவில் பூவெல்லாம் கொட்டிப்போயிருந்தது. இன்னும் மேலே போனால் இருக்கும் என்றார் டிரைவர். வண்டி நின்ற இடத்திலிருந்து நடக்க வேண்டும்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடந்தார். உதடு வெளுத்துவிட்டது. "திரும்பிடலாம் அக்கா" என்றேன். "வாய மூடிட்டு நட லா" என்றார்.

ஒரு வளைவு தாண்டியதும்... காட்டு மரங்களுக்கு நடுவே, ஒரு இலைகூட இல்லாமல், பிங்க் பூவாக நாலைந்து மரங்கள்.

அக்கா பக்கத்தில் போய் ஒரு மரத்தின் பட்டையில் கையை வைத்தார். வகுப்பெடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை.

அப்போது பார்த்து பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல். நம் ஊர்ப் பக்கம் பாரிட் புந்தாரிலிருந்து டூர் வந்த பெண்ணாம். நாங்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறாள். "மலேசியாவா அக்கா? இது சகுராவா?"

எனக்குத் திக்கென்றது. ஜப்பான் வகை வேறு, இது இமயமலைக் காட்டு வகை என்று பாடம் ஆரம்பித்தால், இருக்கிற மூச்சும் அதிலேயே போய்விடுமே.

அக்கா திரும்பினார். கண் இரண்டும் நிறைந்திருந்தது.

"ஆமாம்மா... சகுராதான்."

அந்தக் கேள்விக்கு அக்கா ஆமாம் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நாளை மதியம் சர்ச்சில் அடக்கத் திருப்பலி. பழக்கமானவர்கள் நேராக வீட்டுக்கே வந்துவிடுங்கள், அண்ணன் தனியாக இருக்கிறார்.

நல்லா தூங்குங்க அக்கா. செடிக்குத் தண்ணி நான் ஊத்திக்கிறேன்.